பையில் இருந்த தாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அலுவலகத்தில் வெள்ள நிவாரணத்துக்காக ஒரு மத அமைப்புக்குப் பணம் திரட்டுகிறார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அவர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பசியோடு நிற்பவரிடம் சாப்பாட்டோடு சாமியையும் சேர்த்து நீட்டினால், அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கொடுப்பதா வேண்டாமா?

ஒரு வாசகர் (பெயர் வேண்டாமே)

அன்புள்ள நண்பருக்கு,

கொடுங்கள். ஆனால் இந்தக் கேள்வியை அவர்களிடமும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு அமைப்பின் நிவாரண முகாமில் பத்து நாள் பொட்டலம் கட்டினேன். ஒரு பாட்டி பையை வாங்கிய பிறகும் வரிசையைவிட்டு நகரவில்லை. உள்ளே கையை விட்டு ஒரு தாளை எடுத்தார். பிரார்த்தனைக் கூட்டத்துக்கான அழைப்பு. யாரோ ஒரு தொண்டர் ஆர்வக் கோளாறில் போட்டிருக்கிறார். "இதுக்கு வந்தாத்தான் அடுத்த வாரம் பை குடுப்பீங்களா தம்பி?" என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை பாட்டி என்றேன். அவர் நம்பவில்லை. தாளை நாலாக மடித்து, டோக்கனோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார்.

பொறுப்பாளரிடம் சொன்னேன். பக்தியில் யாருக்கும் குறைந்தவர் இல்லை அவர். கட்டி வைத்திருந்த பைகள் அத்தனையையும் பிரிக்கச் சொல்லிவிட்டார். தாள்களை எடுத்துவிட்டு மறுபடி கட்டி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. அவர் மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்றும் அப்படியே இருக்கிறது.

அவருடைய நல்ல மனசு ஒரு பக்கம் இருக்கட்டும், இதற்கு எழுதி வைத்த நெறியே உண்டு. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை நெறி அது. யார் எந்த மதம் என்று பாராமல் தேவையைப் பார்த்து உதவ வேண்டும் என்கிறது. ஓர் அமைப்புக்குத் தனக்கென்று மத நம்பிக்கை இருக்கலாம், ஆனால் அதை ஏற்றுக்கொண்டால்தான் உதவி என்று சொல்லக் கூடாது என்கிறது. இதை முன்னின்று கொண்டுவந்த அமைப்புகளில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரிடாஸ், உலக லூத்தரன் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் எல்லாம் உண்டு. உங்களுக்கு வந்த அதே சந்தேகம் நம்பிக்கையாளர்களுக்கும் வந்திருக்கிறது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம், இவர்களுக்கென்று ஒரு பலம் இருக்கிறது. முதல் ராத்திரி ஜனங்கள் ஓடிப்போய் ஒதுங்குவது பல சமயம் ஏதோ ஒரு வழிபாட்டு இடத்தில்தான். கேமராக்கள் கிளம்பிப் போன பிறகும் அங்கேயே இருப்பவர்கள் இவர்கள். 2006இல் இலங்கையின் மூதூரில் போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு முஸ்லிம் எய்டும் மெதடிஸ்ட் திருச்சபையின் நிவாரண அமைப்பும் சேர்ந்தே உதவின. இரண்டும் தங்கள் மதத்தை விட்டுவிட்டு வரவில்லை.

சரி, நீங்கள் என்ன கேட்கலாம்? 1994 நெறியில் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். நிவாரணப் பணத்துக்கும் வழிபாட்டுச் செலவுக்கும் கணக்கு தனித்தனியா என்று கேளுங்கள். பையில் சாப்பாட்டுச் சாமான் தவிர வேறு என்ன வைக்கிறீர்கள் என்றும் மறக்காமல் கேளுங்கள். நேர்மையாக நடத்துகிறவர்கள் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதே பணத்தை வேறு அமைப்புக்கு அனுப்புங்கள். எதுவானாலும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.