கண்ணாடிக் கடை பதில்கள்: ஸ்கோப் பூட்டலாமா, வேண்டாமா?

இந்த மாதக் கடிதக் கட்டில் கண்புரையும் சர்க்கரை நோயும் பின்னுக்குப் போய், துப்பாக்கி முன்னுக்கு வந்துவிட்டது. பன்றி வேட்டைக்குப் போகும் ஒருவருக்குச் சென்ற இதழில் வாசிப்புக் கண்ணாடி பற்றிப் பதில் எழுதியதன் பலன் இது. சுங்கை சிப்புட்டில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், ஓய்வு கிடைத்தால் சுடுதல் கழகத்துக்குப் போய்க் காகித அட்டையைத் துளைப்பவன் என்ற இரண்டு தகுதியோடுதான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகன் நியூசிலாந்தில் பால் பண்ணையில் வேலை செய்கிறான். வயது 34. அங்கே முறையாக உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறான். வாங்கிய பழைய ரைபிளில் ஓப்பன் சைட் (குழல் மேல் உள்ள வெறும் குறிகாட்டி) மட்டும் இருக்கிறது. இப்போது ஸ்கோப் (துப்பாக்கியில் பூட்டும் தொலைநோக்கி) வாங்க வேண்டும் என்கிறான். அந்தக் காலப் புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் ஸ்கோப் வைத்துக்கொண்டா புலி சுட்டார்? வீண் செலவுதானே?
— ஓய்வுபெற்ற கிராணி, லிந்தாங்

பதில்: கிராணி ஐயா, கார்பெட்டை இழுத்துவிட்டீர்கள். அவரிடமிருந்தே தொடங்குவோம். அவர் பிறந்தது 1875இல். இந்தியாவின் சம்பாவத் பகுதி ஆட்கொல்லிப் புலியைச் சுட்டது 1907இல். முப்பதைச் சற்றே தாண்டிய கண். அதற்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி ரைபிளைக் கொண்டு அவர் வெறும் சைட்டிலேயே சுட்டார் என்பது உண்மை. 1938இல் தாக் கிராமத்துப் புலியைச் சுட்டபோது அவருக்கு 63 வயது. அப்போதும் ஸ்கோப் இல்லை. ஆனால் அந்தப் புலியைக் குரல் கொடுத்து வரவழைத்து, பொழுது சாயும் வேளையில் அது மிகக் கிட்டத்தில் வந்த பிறகே சுட்டார். ஆட்கொல்லிப் புலி ஆளைத் தேடி வரும். மான் ஆள் வாடை பட்டாலே ஓடிவிடும். உங்கள் மகன் குறிபார்க்கப் போவது மானை.

ஓப்பன் சைட்டில் சுடுகிறவன் மூன்று பொருள்களை ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். முழங்கை நீளத்தில் பின் சைட்டின் வெட்டு, ஏறக்குறைய 85 சென்டிமீட்டரில் குழல் முனையில் நிற்கும் முன் சைட், நூறு மீட்டருக்கு அப்பால் மான். மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். இளம் கண் மூன்றுக்கும் இடையே சட்டென்று தாவிக்கொள்வதால் எல்லாமே தெளிவாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். நாற்பதைத் தாண்டியதும் கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் இறுக்கம் தெரியத் தொடங்குகிறது. செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கும் அதே வயதில் பின் சைட்டும் கரையத் தொடங்கும்.

கடைக்கு வரும் துப்பாக்கிக்காரர்களுக்கு இதை வாயால் சொல்லிப் புரியவைப்பதில்லை. ஒரு மீட்டர் அளவுகோலின் முனையில் கறுப்புக் குண்டூசியைக் குத்தி, ஆளைக் கடை முன் ஐந்தடி நடைபாதையில் நிறுத்தி, எதிர்ச்சாரி அடகுக் கடைப் பலகையைக் குறிபார்க்கச் சொல்வேன். பலகை எழுத்தைப் பார்த்தால் ஊசித் தலை பஞ்சுபோல் பொங்கும். ஊசியைப் பார்த்தால் எழுத்து கலைந்துபோகும். ஐம்பது வயதுக்காரர் என்றால் அவருடைய தூரப் பார்வைக் கண்ணாடிக்கு மேல் +0.75 சோதனை வில்லையைப் பிடிப்பேன். ஊசி கூர்மையாகிவிடும். பலகை சற்று மங்கினாலும் எழுத்துகள் படிக்கும்படி இருக்கும். ஓப்பன் சைட்டை விட மனமில்லாதவருக்கு அந்தச் சிறிய வில்லை பாதி வழி தீர்வு.

மீதிப் பாதியை இந்தக் கணக்கு சொல்லும். பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையே அரை மீட்டர் என்று வையுங்கள். முன் சைட் வெட்டின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலே நூறு மீட்டரில் குண்டு 20 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமே ஏறக்குறைய அவ்வளவு அகலம்தான். முன் சைட்டின் மணி ஒன்றரை மில்லிமீட்டர் அகலம் இருந்தால் நூறு மீட்டரில் அது சுமார் 18 சென்டிமீட்டரை மறைக்கும். எந்த இடத்தில் சுட வேண்டுமோ அந்த இடமே மணிக்குப் பின்னால் போய்விடுகிறது! தவறிப்போனால் பரவாயில்லை, மான் ஓடிவிடும். குடலில் பட்டு ஓடி, இரவெல்லாம் புதரில் கிடந்து சாகும் மானைத்தான் எந்த வேட்டைக்காரனும் விரும்பமாட்டான்.

ஸ்கோப் மூன்றை இரண்டாக்கி, அந்த இரண்டையும் ஒரே தளத்தில் வைக்கிறது. குறுக்குக் கோடும் மானும் சேர்ந்தே தெளிகின்றன. என் கண்ணுக்கு இதுதான் முதல் லாபம், பெருக்கம் இரண்டாவது. விற்பவர்களோ பெருக்கத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். பன்னிரண்டு மடங்கு, பதினாறு மடங்கு என்று காட்டினால் வாங்குகிறவன் மனம் மயங்கிவிடும். நியூசிலாந்தின் அடர்ந்த காட்டில் மான் முப்பது நாற்பது மீட்டரில் எழும்பும். ஒன்பது மடங்கில் ஸ்கோப்பைத் தூக்கினால் ரோமமும் இலையும் தெரியும், மானின் எந்தப் பக்கம் என்று தெரியாது. அந்த நேரத்தில் ஓப்பன் சைட் ஸ்கோப்பைத் தோற்கடிக்கும், இதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் 1–4 அல்லது 2–7 மடங்கு ஸ்கோப் வாங்கச் சொல்லுங்கள். காட்டுக்குள் நடக்கும்போது மிகக் குறைந்த மடங்கில் வைத்திருந்து, திறந்த மலைச்சரிவு வந்தால் கூட்டிக்கொள்ளட்டும்.

அந்தியில் மான் மேய வரும் நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. முன் வில்லையின் மில்லிமீட்டரைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் வில்லை, 9 மடங்கு என்றால் 4.4. அதே வில்லை, 5 மடங்கு என்றால் 8. இருட்டில் இளைஞனின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் விரியும். நம் வயதில் 5 விரிந்தால் பெரிது. ஆகவே மகனுக்கு அந்தியில் 5 மடங்கு பொருந்தும். உங்களுக்கோ எனக்கோ 56 மில்லிமீட்டர் வில்லை வாங்கித் தந்தாலும் அந்தக் கூடுதல் வெளிச்சம் கண்ணுக்குள் முழுதாக நுழையாது.

கையில் பணம் குறைவு என்றால் நடுவழி ஒன்றும் இருக்கிறது. பின் சைட்டின் வெட்டுக்குப் பதிலாகத் துளை வைத்த சைட். கண் பரிசோதனையில் நாங்கள் கறுப்புத் தட்டில் ஒரு சிறு துளை வழியாகப் பார்க்கச் சொல்கிறோம் அல்லவா? மங்கிய எழுத்து அப்போது தெளியும். அதே வேலையைத்தான் அந்தத் துளையும் செய்கிறது. பின் சைட்டைக் கண் பார்க்கவே வேண்டியதில்லை, துளையின் நடு எது என்று தானாகவே கண்டுகொள்ளும். பகலில் அருமையான சாதனம். அந்தியில் மட்டும் துளை ஒளியைத் தின்றுவிடும்.

‘முதலில் ஓப்பன் சைட்டில் பழகினால்தான் சுடத் தெரிந்தவன்’ என்று சொல்லும் பெரியவர்கள் எங்கள் கழகத்திலும் உண்டு. அட்டையில் பழகச் சொல்லுங்கள், நானும் ஆமாம் என்பேன். உயிருள்ள மானை வைத்துப் பழகச் சொன்னால் ஒப்பமாட்டேன். பணம் அனுப்புங்கள், ஐயா.

கேள்வி: என் கணவர் உறவினருடன் ஆஸ்திரேலியாவில் வேட்டைக்குப் போய் வந்தார். ‘ஸ்கோப் இருந்தால் பைனாகுலர் தேவையில்லை, அதிலேயே தூரத்தில் இருப்பதைப் பார்த்துவிடலாம்’ என்கிறார். சரியா?
— குடும்பத்தலைவி, கோல கங்சார்

பதில்: சரியில்லை, அம்மா. ஸ்கோப்பால் ஒன்றைப் பார்க்கிறார் என்றால் குழலும் அதை நோக்கித்தான் இருக்கிறது. புதருக்குப் பின்னால் அசைவது இன்னொரு வேட்டைக்காரரின் தொப்பியாக இருந்தால், அவர் தலைக்கு நேராகத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ‘யார் அது?’ என்று யோசிக்கிறார் என்று பொருள். நியூசிலாந்தின் ஏழு துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று, இலக்கு இன்னது என்று துளியும் சந்தேகமில்லாமல் அறிந்த பிறகே சுட வேண்டும் என்பது. அறிவதற்குப் பைனாகுலர், சுடுவதற்கு ஸ்கோப். மேலே கிராணி ஐயாவின் மகனுக்கும் இதுவே பதில்: ஸ்கோப்புக்கு வைத்த பணத்தில் கொஞ்சம் எடுத்து 8 மடங்குப் பைனாகுலர் ஒன்று வாங்கட்டும்.

கேள்வி: எனக்கு வயது 61. உரிமம் உள்ள ஒற்றைக் குழல் செனாப்பாங் பத்தா (மடக்கித் தோட்டா போடும் ஷாட்கன்) வைத்திருக்கிறேன். மறுநடவு செய்த செம்பனைக் கன்றுகளின் குருத்தைப் பன்றி தோண்டித் தின்றுவிடுகிறது. முன்னால் உள்ள மணி சரியாகத் தெரியவில்லை. ஸ்கோப் பூட்டலாமா?
— முன்னாள் மண்டோர், சுங்கை சிப்புட்

பதில்: அண்ணே, வேண்டாம். நம் பக்கம் தோட்டக்காரர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் உங்களுடையதைப் போன்ற ஷாட்கன்தான். அதில் பன்றிக்குப் போடும் தோட்டாவுக்குள் இருப்பது சில பெரிய ஈயக் குண்டுகள். அவை பரவிக்கொண்டே போகும். முப்பது மீட்டருக்கு மேல் நம்பிச் சுடக்கூடாது. பரவும் குண்டுக்குத் துல்லியமான குறுக்குக் கோடு எதற்கு? ஷாட்கன்னைச் சுட்டுவிரல் நீட்டுவதுபோல் இரண்டு கண்களையும் திறந்து வைத்து நீட்ட வேண்டும், மணியை உற்றுப் பார்க்கவே கூடாது. மணியைத் தேடுகிறீர்கள் என்றாலே பார்வை பன்றியை விட்டுவிட்டது என்று பொருள். மணிக்கு வெள்ளைப் பெயின்ட் ஒரு சொட்டு வையுங்கள். ஓரக்கண்ணில் பட அது போதும்.

சிவப்புப் புள்ளி காட்டும் சைட் வைக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் உங்கள் கண்ணட்டையை எடுத்துப் பார்த்தேன். வலது கண்ணில் ஒன்றரை அளவுக்கு உருளைப் பிழை, அதாவது கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் சமமாக இல்லாத குறை, இருக்கிறது. கண்ணாடி போடாமல் பார்த்தால் அந்தப் புள்ளி உங்களுக்கு வால் முளைத்த நட்சத்திரமாகத்தான் தெரியும். எதைப் பூட்டுவதாக இருந்தாலும் முதலில் போலீஸ் நிலையத்தின் உரிமப் பிரிவில் கேட்டுவிடுங்கள். 1960 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் தருகிறவர் மாநிலப் போலீஸ் தலைவர், கடைக்காரர் இல்லை. பன்றியைச் சுட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதியும் வேண்டும். 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, நாடு அவசரகாலத்துக்குள் போனது நம் ஊர்த் தோட்டங்களிலிருந்துதான். இந்த ஊரில் துப்பாக்கி உரிமத்தை அலட்சியமாகப் பேசுகிறவரை எனக்குப் பிடிக்காது.

கேள்வி: தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே வில்லையில் பார்க்கும் புரோகிரசிவ் கண்ணாடி போடுகிறேன். ஸ்கோப்பில் ஒரு முறை எல்லாம் தெளிவாகவும் மறுமுறை மங்கலாகவும் தெரிகிறது. ஸ்கோப் கோளாறா?
— வாசகர், கூலிம்

பதில்: ஸ்கோப் நன்றாகத்தான் இருக்கிறது. கன்னத்தைக் கட்டையில் பதித்ததும் உங்கள் பார்வை கண்ணாடியின் மேல் மூலையில், மூக்குப் பக்கமாகப் போகிறது. தலை சற்று அசைந்தால் வேறு சக்தியுள்ள பகுதிக்குள் நழுவிவிடும். சுடுவதற்கென்று தூரப் பார்வைக்கு மட்டுமான ஒரே சக்திக் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள், வில்லை சற்றுப் பெரிதாக இருக்கட்டும். பிறகு குண்டில்லாத துப்பாக்கியை வெற்று வானத்தை நோக்கி, சூரியன் இல்லாத பக்கமாகப் பிடித்து, ஸ்கோப்பின் கண் பக்க வளையத்தைத் திருகுங்கள். ஒரு நொடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானே சரிசெய்து உங்களை ஏமாற்றும். பார்த்த மாத்திரத்தில் குறுக்குக் கோடு கூர்மையாக இருந்தால் வளையத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். இன்னொன்று: கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துப்பாக்கி உதைக்கும்போது ஸ்கோப் புருவத்தில் இடிக்கும். புருவத்தின் மேல் பிறை வடிவத் தழும்போடு கடைக்கு வருகிறவரைப் பார்த்தாலே அவர் கழுத்தை நீட்டிச் சுட்டவர் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: குரங்குத் தொல்லைக்குக் காற்றுத் துப்பாக்கி வாங்கி, நண்பரின் ரைபிள் ஸ்கோப்பைப் பூட்டலாம் என்று நினைக்கிறேன்.
— வாசகர், பகாவ்

பதில்: நினைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், தம்பி. காற்றுத் துப்பாக்கியும் ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது, உரிமம் வேண்டும். குரங்கு பாதுகாக்கப்பட்ட விலங்கு, பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள். நண்பரின் ஸ்கோப்பும் பிழைக்காது. ரைபிள் பின்னால் மட்டும் உதைக்கும். சுருள்வில் காற்றுத் துப்பாக்கி பின்னால் உதைத்து, உள்ளே உலக்கை முட்டியதும் முன்னாலும் உதைக்கும். ஒரு பக்க உதைக்கு மட்டும் செய்த ஸ்கோப்பின் வில்லைகள் கழன்றுவிடும்.

கேள்வி: என் அண்ணன் கொண்டுவந்த ஸ்கோப்பில் காலையில் பனி படிகிறது. திறந்து துடைக்கலாமா?
— மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: திறக்காதே. முதலில் வில்லையை வெளியே துணியால் துடைத்துப் பார். பனி போய்விட்டால் கோளாறு இல்லை. குளிரூட்டிய அறையிலிருந்து நம் ஊர் ஈரக்காற்றுக்கு எடுத்து வந்ததால் படிந்தது, கால் மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வைத்தால் பயன்படுத்தும் நேரத்துக்குள் தெளிந்துவிடும். துடைத்தும் போகவில்லை என்றால் பனி உள்ளே இருக்கிறது. தயாரிக்கும்போது காற்றை நீக்கி நைட்ரஜன் நிரப்பி மூடியிருப்பார்கள். அந்த மூடிப்பு விட்டுப்போய் ஈரம் புகுந்துவிட்டது. வீட்டில் அதைச் சரிசெய்ய முடியாது, தயாரித்தவர்களுக்கே அனுப்பச் சொல். திரும்பி வந்ததும் அண்ணன் சுடுதளத்தில் குறியை மறுபடி சரிபார்க்கட்டும். பெரும்பாலான ஸ்கோப்புகளில் குறி திருத்தும் திருகின் ஒரு சொடுக்கு, குண்டு படும் இடத்தை நூறு மீட்டரில் ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் நகர்த்தும்.