கூரையில் காரை பெயர்ந்தால் பட்டி போதாது

வணக்கம். அந்தமானின் ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய பெயர் போர்ட் பிளேர்) புதிதாகக் குடிவந்த வீட்டில், குழந்தைகள் படுக்கும் அறையின் கூரையில் துருக்கறை தெரிகிறது, காரை பெயர்ந்து விழுகிறது, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. முதலில் இன்றைக்கே கட்டிலை அடுத்த அறைக்கு மாற்றிவிடுங்கள்.

கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதுதான் காரையை உள்ளிருந்து தள்ளுகிறது. மேலே பட்டி வைத்தால் அதுவும் சேர்ந்தே விழும். அங்கே மே முதல் டிசம்பர் வரை மழைதானே.

சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் வரும் இடமெல்லாம் கொத்தி எடுக்க வேண்டும், கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு. கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, துத்தநாக பிரைமர் பூசி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். கலவைக்குக் கடல் மணல் வேண்டவே வேண்டாம். கம்பி ரொம்பத் தேய்ந்திருந்தால் கொத்தனாரோடு நிறுத்தாமல் ஒரு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அந்தமான் நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதி. வாடகை வீடென்றால் இந்தச் செலவை வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். அப்புறம், மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.