நாலரை அடி தடுப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் பையன் போனில் ‘ஃப்ரீ விபிஎன்’ ஒன்றைப் போட்டிருக்கிறான். “இதைப் போட்டா நான் என்ன பார்க்கிறேன்னு யாருக்கும் தெரியாதும்மா” என்கிறான். இது சட்டப்படி தப்பா? போலீஸ் வருமா?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: விபிஎன் என்பது போனிலிருந்து இன்டர்நெட்டுக்குப் போவதையெல்லாம் வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் ஆப். அதை வைத்திருப்பதற்காக மட்டும் போலீஸ் வராதும்மா. ஜம்மு காஷ்மீரில் சில மாவட்டங்களில் தடை உத்தரவு போட்டதுண்டு. நாடு முழுக்க அப்படிச் சட்டம் இல்லை. எனக்கு இடிப்பது பையன் சொன்ன அந்த ‘யாருக்கும்’தான்.

தண்டையார்பேட்டையில் பத்து வருஷத்துக்கு மேல் பிரவுசிங் சென்டர் நடத்தியவன் நான். எட்டு சிஸ்டம், மணிக்கு இருபது ரூபாய். 2011-ல் சைபர் கஃபே விதிகள் வந்தன. வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர், முகவரி, நேரம் எல்லாம் பதிவேட்டில் எழுதி ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும். கேபின் தடுப்பு நாலரை அடியைத் தாண்டக் கூடாது. என் கடையில் ஐந்தரை அடி. ஆசாரியைக் கூப்பிட்டு பிளைவுட்டை அறுத்ததில் மரத்தூள் புகுந்து இரண்டு கீபோர்டு செத்தது தனிக் கதை. அப்புறம் கல்லாவில் எழுந்து நின்றால் எட்டுத் தலையும் தெரியும். அதை விடுங்கள், எல்லா சிஸ்டமும் என் ரூட்டர் வழியாகத்தான் வெளியே போகும். யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்று நினைத்தால் பார்த்திருக்கலாம். நான் பார்த்ததில்லை. வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

விபிஎன்காரரும் இப்படி ஒரு கடைக்காரர்தான். பையன் போகும் இடம் முன்பு சிம் கம்பெனிக்குத் தெரிந்தது, இப்போது இவருக்குத் தெரிகிறது. காசே வாங்காத இந்தக் கடைக்கு வாடகை யார் கட்டுகிறார்கள் என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள்.

காசு கொடுத்து வாங்கினாலும் கணக்கு உண்டு. 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி எண் போன்றவற்றை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். என் பதிவேட்டுக்கு ஒரு வருஷம்தான்! எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்டுவிபிஎன், சர்ஃப்ஷார்க் மூன்றும் அதற்குப் பிறகு இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களைத் தூக்கிவிட்டன.

கேள்வி: டார் பிரவுசர் ரவுடிகளுக்கும் ஹேக்கர்களுக்கும்தான் என்கிறார்கள். நிஜமா?
– ஒரு கல்லூரி மாணவி, வியாசர்பாடி

பதில்: டார் என்பது பார்க்கிறவர் யார் என்பதை மறைக்கும் பிரவுசர். அதன் யோசனை பிறந்த இடம் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடம், 1990-களில். உங்கள் வேண்டுகோளை வெங்காயத் தோல் மாதிரி மூன்று அடுக்காகப் பூட்டி, மூன்று கணினிகள் வழியாக அனுப்பும். முதல் கணினிக்கு நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகும் இடம் தெரியும், ஆள் தெரியாது. என் கடை மாதிரி ஒரே கல்லாவில் எல்லாம் தெரிகிற ஏற்பாடு இல்லை. வேகம் மட்டும் மாலை நேரத்து மூலக்கடை டிராபிக்.

ரவுடி விஷயத்துக்கு வருகிறேன். 2017 ஆகஸ்டில், சினிமாத் திருட்டை நிறுத்த நம் பாரிமுனை உயர் நீதிமன்றம் தந்த உத்தரவில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களோடு சேர்ந்து இன்டர்நெட் ஆர்கைவ் என்கிற இலவச இணைய நூலகமும் மாட்டிக்கொண்டது. என் கடைக்கு ஒரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் வருவார், அதில் பழைய இலக்கண நூல்களின் ஸ்கேன் பார்க்க. அன்றைக்குத் திரையில் தடை அறிவிப்பைப் பார்த்தவர், தான் ஏதோ தப்பு பண்ணிவிட்டதாக நினைத்து எழுந்து நின்றுவிட்டார். “நான் நன்னூல்தான்பா தட்டினேன்” என்றார். கடைசிவரை உட்காரவேயில்லை; இருபது ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்படித் தடுத்த தளத்துக்கும் டார் வழியாகப் போக முடியும் என்பதால், அந்த மாதிரி ஆளுக்கும் டார் தேவைப்படலாம்.

நீங்கள் பயன்படுத்துவதானால் ஒன்று. டாரைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் சொந்த ஜிமெயிலில் லாகின் பண்ணிவிடாதீர்கள். மூன்று கணினியும் சேர்ந்து மறைத்த பெயரை நீங்களே டைப் அடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.