ஆஸ்திரேலிய ஃபுட்டியில் உங்கள் அணி மறுகட்டமைப்பில் இருக்கிறது. படுதோல்விக்குப் பிறகும் எப்படித் தொடர்ந்து ஆதரிக்கிறீர்கள்?

பெர்த்தில் இருக்கிறோம். வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் எங்கள் அணி. அதனால் 2023 ஜூன் 24 அன்று நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் சிட்னி ஸ்வான்ஸ் அணியுடன் ஆட்டம். ஆஸ்திரேலிய ஃபுட்டி தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நடுவில் நிற்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. கொஞ்சம் தள்ளிப் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. அன்றைக்கு சிட்னி 31 கோல் அடித்தது, நாங்கள் 5. சிட்னி 205, வெஸ்ட் கோஸ்ட் 34. 171 புள்ளி வித்தியாசம். 1987இல் போட்டிக்குள் வந்த எங்கள் கிளப் அதுவரை இப்படித் தோற்றதே இல்லை.

வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது என் மகளுக்கு எட்டு வயது. பாதி ஆட்டம் முடிந்ததும் பேசாமல் எழுந்து உள்ளே போனாள். சரி, இனி பார்க்கமாட்டாள் என்று நினைத்தேன். மூன்றாவது குவார்ட்டர் தொடங்கும் நேரம் திரும்பி வந்தாள். குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டருக்கு மேலேயே, எங்கள் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் நிக் நைட்டனுயிக்காக வாங்கிய 9ஆம் எண் ஜெர்சியை மாட்டியிருந்தாள். "இப்ப எதுக்கும்மா?" என்று கேட்டேன். "அவங்க இன்னும் போட்டுக்கிட்டுதானேப்பா ஆடுறாங்க?" என்றாள். கடைசி சைரன் வரைக்கும் உட்கார்ந்து பார்த்தோம்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் இந்த நிலைக்கு வந்தோம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். காரணம் புரிந்துவிட்டால் கோபத்தில் பாதி இறங்கிவிடும் என்பது என் அனுபவம். ஐந்து வருடம் முன்னால், 2018இல், நாங்கள்தான் சாம்பியன். மெல்போர்ன் மைதானத்தில் காலிங்வுட்டை 79–74 என்று வென்றோம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது எல்லைக்கோட்டை ஒட்டிய இடத்திலிருந்து டாம் ஷீட் உதைத்த அந்த கோலை இந்த ஊரில் யாரும் மறக்கமாட்டார்கள். அந்த அணியை வைத்தே இன்னொரு கோப்பை வாங்கிவிடலாம் என்று கிளப் நம்பியது. 2019இல் டிம் கெல்லியைக் கொண்டுவர, டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்வில், தனக்கிருந்த முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்தது. கெல்லி நல்ல ஆட்டக்காரர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மூத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வயதானது, கீழேயிருந்து வரவேண்டிய பிள்ளைகள் போதவில்லை. அதற்கு மேல் 2023இல் காயங்கள். அணியை இறக்க ஆள் தேற்றுவதே சில வாரங்களில் பெரும்பாடாக இருந்தது.

இந்த விளையாட்டில் பணத்தைக் கொட்டி ஒரே வருடத்தில் அணியை மாற்ற முடியாது. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. கடைசியில் முடிக்கும் அணிக்கு டிராஃப்டில் முதலில் எடுக்கும் வாய்ப்பு கிடைக்கும். ஆனால் எடுப்பது பள்ளியை முடிக்கும் பதினெட்டு வயதுப் பையன்களை. இருபத்தாறு வயது ஆட்களோடு மோதித் தாங்கும் உடம்பு வரவே மூன்று நான்கு வருடம் ஆகும். ரூபன் கின்பே 2023இல் அப்படித்தான் பள்ளி முடித்த கையோடு வந்து ஆடினார். தோற்கும் ஆட்டங்களில் நான் ஸ்கோர்போர்டை விட்டுவிட்டு அவரைத்தான் பார்ப்பேன். நூறு புள்ளி பின்னால் இருக்கும்போதும் எதிராளியைத் துரத்திப் போய் டேக்கிள் செய்கிறாரா? கீழே விழுந்தால் எழுந்து அடுத்த பந்துக்கு ஓடுகிறாரா? ஓடினார். எனக்கு அது போதுமாக இருந்தது. நீங்களும் உங்கள் அணியில் ஒரு சின்னப் பையனைத் தேர்ந்தெடுத்து, ஒரு சீசன் முழுக்க அவரை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

அந்த 171 புள்ளித் தோல்விக்கு அடுத்த வாரம் செயின்ட் கில்டாவுடன் எங்கள் ஊரிலேயே ஆட்டம். போகவேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். ஸ்வான் ஆற்றின் மேல் உள்ள மட்டகரப் பாலத்தில் நடந்து போனோம். முன்னும் பின்னும் நீலமும் மஞ்சளுமாக ஸ்கார்ஃப்கள். 171 என்ற எண்ணை யாரும் வாயில் எடுக்கவில்லை. அன்றும் தோற்றோம், ஆனால் 8 புள்ளியில். சைரன் அடித்ததும் எங்கள் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். மைதானத்தில் இருந்த பையன்களுக்கு அது கேட்டிருக்கும்.

அப்புறம் ஒன்று. நிர்வாகத்தைக் கேள்வி கேளுங்கள், அது நம் உரிமை. ஆனால் தோற்ற ராத்திரியில் பத்தொன்பது வயதுப் பையனின் சமூக வலைதளப் பக்கத்துக்குப் போய்த் திட்டாதீர்கள். அவன் அம்மாவும் அதைப் படிப்பார்.

மறுகட்டமைப்பு நேர்கோட்டில் போகாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் எங்களுக்கு 3 வெற்றி, 2024இல் 5. ஏறுகிறோம் என்று நினைத்தோம். 2025இல் ஒன்றே ஒன்று. இடையில் பயிற்சியாளரும் மாறினார். கோப்பை வாங்கித் தந்த ஆடம் சிம்ப்சன் போய் ஆண்ட்ரூ மெக்குவால்டர் வந்தார். இதில் எனக்கு ஆறுதல் மெல்போர்ன் அணிதான். 2011இல் ஜீலாங்கிடம் 186 புள்ளியில் தோற்றார்கள், மறுநாளே பயிற்சியாளர் நீக்கப்பட்டார். அதே அணி 2021இல் 57 வருடத்துக்குப் பிறகு கோப்பையைத் தூக்கியது. தூக்கியது எங்கள் ஊர் மைதானத்தில்.

நைட்டனுயி அந்த 2023லேயே ஓய்வு பெற்றுவிட்டார். மகள் ரொம்ப நாள் வருத்தமாக இருந்தாள். அந்த வருட டிராஃப்டில் முதல் ஆளாக நாங்கள் எடுத்த ஹார்லி ரீடுக்கு கிளப் அதே 9ஆம் எண்ணைக் கொடுத்தது. 2024 ஏப்ரலில், பக்கத்து ஊர் எதிரிகளான ஃப்ரீமான்டிலை டெர்பியில், அதாவது எங்கள் இரண்டு அணிகளும் மோதும் ஆட்டத்தில், 37 புள்ளியில் வென்றபோது, ரீட் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி கோல் அடித்ததும் மகள் நாற்காலி மேலே ஏறி நின்றுவிட்டாள். அந்த ஜெர்சி இப்போது தோளில் இறுக்குகிறது. போன மாதம் ஒரு அளவு பெரிதாக இன்னொன்று வாங்கினோம். அதிலும் 9தான்.