மஞ்சளானதெல்லாம் எலெக்ட்ரிக் எல்லோ அல்ல: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எலெக்ட்ரிக் எல்லோ (மஞ்சள் நிற சிக்லிட் வகைத் தொட்டி மீன்) என்று சொல்லிக் கொடுத்த ஆறு குஞ்சுகளை வளர்க்கிறேன். ஐந்து மாதத்தில் இரண்டு மீன்கள் நீலமாகி, உடம்பில் கறுப்புப் பட்டைகள் வந்துவிட்டன. இன்னொன்று ஆரஞ்சு அடிக்கிறது. நோயா, தீனிக் கோளாறா?

பதில்: இரண்டுமில்லை. உங்கள் தொட்டியில் இருப்பது ஒரே வகை மீன் அல்ல, அவ்வளவுதான். நீலமாக மாறியவை பெரும்பாலும் சவுலோசி என்ற இன்னொரு சிக்லிட் இனத்தின் ஆண்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் டைவான் ரீஃப் என்ற பாறைத்திட்டுப் பகுதியைச் சேர்ந்த இந்த இனத்தில் குஞ்சுகள் எல்லாமே மஞ்சள்தான். பெண்கள் கடைசிவரை மஞ்சளாகவே இருக்கும். ஆண்கள் வளர வளர நீல உடம்பும் கறுப்புப் பட்டையுமாக மாறும். பெரிய ஆணுக்கு அடங்கிப்போன சின்ன ஆண் மஞ்சளாகவே நின்றுவிடுவதும் உண்டு.

மற்ற மீன்களின் முதுகுத் துடுப்பைப் பாருங்கள். எலெக்ட்ரிக் எல்லோவுக்கு அதன் மேல் விளிம்பையொட்டி, முன்னிருந்து பின்வரை ஒரு கறுப்புப் பட்டை ஓடும். சவுலோசி பெண்ணுக்கு அது கிடையாது. ஓர் அங்குலக் குஞ்சில் அந்தக் கறுப்பு முழுதாக வந்திருக்காது என்பதால் அந்த அளவில் வாங்கும்போது ஏமாறுவது எளிது.

ஆரஞ்சு மீன், ரெட் ஸீப்ரா என்ற மலாவி சிக்லிட்டோடு கலந்த கலப்பினமாக இருக்கலாம். சந்தையில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் கலப்பு இது. முதுகுத் துடுப்பின் கறுப்பு அறுந்து அறுந்து தெரியும், அல்லது இருக்கவே இருக்காது. தலை உருண்டு, உடம்பு தடித்திருக்கும். அசல் மீனுக்கு நீண்ட உடம்பு, கூர்மையான முகம். பக்கவாட்டில் மங்கலான செங்குத்துப் பட்டைகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் தொட்டியை ஆளும் ஆணுக்கு முகத்திலும் வயிற்றடியிலும் அழுக்குப் படிந்ததுபோல் கருமை ஏறும். அதைப் பார்த்துக் கலப்பினம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கலப்பினத்தை மறுபடி அசலோடு சேர்த்தால் வரும் குஞ்சுகளில் சில, அசல் மாதிரியே இருக்கும். அங்கே தனி மீனைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே ஈட்டில் பிறந்த பத்துப் பதினைந்து குஞ்சுகளைச் சேர்த்துப் பார்த்து, நிறமும் தலை வடிவமும் ஆளுக்கொரு தினுசாக இருந்தால் விட்டுவிடுங்கள். முடிந்தால் தாய், தகப்பன் இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நீலமான அந்த மீன்தான் டெமசோனியா?

பதில்: இல்லை. டெமசோனியில் ஆண், பெண், குஞ்சு எல்லாமே நீலம்–கறுப்புதான், மஞ்சள் பருவமே இல்லை.

கேள்வி: ஃப்ரொண்டோசா என்று 5 செ.மீ. அளவில் வாங்கிய நான்கில் ஒன்று மட்டும் மற்ற மூன்றையும் விரட்டிக் கொண்டே இருக்கிறது. பட்டைகளெல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

பதில்: எண்ணுங்கள். தலையில் தொடங்கி வாலின் அடிவரை ஐந்து பட்டை என்றால் அது டிரெட்டோசெபலஸ் என்ற வேறு சிக்லிட். ஆறோ ஏழோ இருந்தால் ஃப்ரொண்டோசாவாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதற்குக் காரணம், செக்ஸ்ஃபாசியாட்டஸ் என்ற மீனுக்கும் ஆறு பட்டை உண்டு. மூன்றும் ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரி மீன்கள். எண்ணிக்கையோடு வயிற்றுத் துடுப்பையும் பாருங்கள்: ஃப்ரொண்டோசாவுக்கு அதன் நுனி இழைபோல் நீண்டு பின்னால் தொங்கும்.

ஓடுகிற மீனில் பட்டை எண்ணுவது வீண் வேலை. கண்ணாடிச் சுவருக்கு அருகே இன்னொரு கண்ணாடித் துண்டைச் செருகி, மீன் திரும்ப முடியாத அளவு ஒடுக்கமான இடத்தில் இரண்டு நிமிடம் நிறுத்தி, பக்கவாட்டில் படம் எடுங்கள். வெள்ளை விளக்கு போதும், நீல விளக்கை அணைத்துவிடுங்கள். பயந்த மீனில் பட்டைகள் வெளிறும் அல்லது கறுக்கும். எனவே எண்ணிக்கையை நம்புங்கள், அழுத்தத்தை நம்பாதீர்கள்.

இப்போதே பிரித்துவிடுவது நல்லது. டிரெட்டோசெபலஸ் 15 செ.மீ. அளவில் நின்றுவிடும் முரட்டு மீன், தரையில் முட்டையிட்டுக் காவல் காக்கும். ஃப்ரொண்டோசா 30 செ.மீ.க்கு மேல் போகும் சாது, முட்டையை வாயில் அடைகாக்கும்.

ஏரியின் வடக்கிலுள்ள ஃப்ரொண்டோசாவையும் தெற்கிலுள்ள அதன் நெருங்கிய இனமான கிப்பெரோசாவையும் பிரிக்க, எடுத்த படத்தையே பெரிதாக்கிப் பாருங்கள். பக்கக்கோடு (உடம்பின் பக்கவாட்டில் செதில்கள் மேல் ஓடும் புள்ளிக்கோடு) இரண்டு துண்டுகளாக இருக்கும். மேல் துண்டுக்கும் கீழ்த் துண்டுக்கும் நடுவே செதில் வரிசை இரண்டென்றால் ஃப்ரொண்டோசா, மூன்றென்றால் கிப்பெரோசா. கிப்பெரோசா 2003-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதனால் பழைய சரக்கில் பெயர் குழம்பியிருக்கும்.

கேள்வி: பிரிச்சார்டி, டாஃபோடில் என்ற டாங்கனிக்கா சிக்லிட்கள் – வேறுபாடு என்ன?

பதில்: செவுள் மூடியில் இருக்கிறது. கறுப்புக் குறி, படுத்துக் கிடக்கும் ஆங்கில எழுத்து 'டி' போல இருந்தால் பிரிச்சார்டி. இரண்டு பிறைகள் செங்குத்தாக நின்றால் புல்ச்சர் என்ற இனம்; டாஃபோடில் அதன் ஒரு வடிவம். பிரிச்சார்டியும் புல்ச்சரும் ஒரே இனம்தான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் ஒரே தொட்டியில் போட்டால் கூடிவிடும்.

கேள்வி: பீகாக் சிக்லிட் பெண்களை வகை பிரிப்பது எப்படி? என்னிடம் மூன்று வகை கலந்து இருக்கின்றன.

பதில்: கண்ணால் பிரிக்க முடியாது. எல்லாமே சாம்பல் உடம்பு, மங்கலான பட்டை. குதத்துடுப்பிலுள்ள முட்டைப் புள்ளிகளும் உதவாது, அவை சில பெண்களுக்கும் இருக்கும். வாங்கும்போதே வகைவாரியாகத் தனித் தொட்டியில் விட்டுப் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். இனி அந்தப் பெண்களை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். குஞ்சுகளைப் பெயர் சொல்லி யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். ஆண்களை மட்டும் வைத்து அழகு பார்க்கலாம்.

4, 5 செ.மீ. அளவிலேயே முழு நிறத்தோடு மின்னும் பீகாக்கைக் கண்டால் தள்ளி நில்லுங்கள். ஹார்மோன் கொடுத்து ஏற்றிய நிறமாக இருக்கலாம். சில வாரங்களில் வெளுத்து, உள்ளே இருப்பது பெண் என்று தெரியவரும்.