பழைய சர்ச் பைப் ஆர்கன்களைப் பார்க்கப் போற குழுக்கள் அங்க அப்படி என்னதான் பண்றாங்க?

பைப் ஆர்கன்னா, காத்தைப் பைப்புக்குள்ள விட்டு ஒலி எழுப்பற பெரிய வாத்தியம், கட்டைகளை அழுத்தி வாசிக்கணும். இங்கிலாந்துல நிறைய ஊர்கள்ல இதை வாசிக்கறவங்க சங்கம் இருக்குங்க, பல சங்கத்துல வாசிக்கத் தெரியாதவங்களும் சேரலாம். ஒரு சனிக்கிழமையா பார்த்து ரெண்டு மூணு சர்ச்சுக்குப் போவாங்க, ஒருத்தர் வாசிச்சுக் காட்டுவார், அப்புறம் ஆளாளுக்கு உக்காந்து வாசிச்சுப் பார்க்கலாம்.

ஆனா என்னைக் கேட்டா உண்மையான சுவாரஸ்யம் ஆர்கனுக்கு உள்ள எட்டிப் பாக்கறதுலதான். வெளிய தெரியுறது கொஞ்சம் பைப்தான், உள்ள நூத்துக்கணக்குல நிக்கும். கட்டையை அழுத்தினா மெல்லிசான மரச்சட்டங்கள் வழியா அந்த இழுப்பு போய் ஒரு சின்ன வால்வைத் திறக்கும், காத்து பைப்புக்குள்ள ஏறும், பழைய ஆர்கன்ல இதுக்கெல்லாம் கரண்டே கிடையாது, அந்தக் காலத்துல துருத்தியை அழுத்தவும் ஒரு ஆள் நிப்பார். மேல மூடி போட்ட பைப் பாதி நீளத்துலயே அதே சுருதியைக் கொடுத்துடும், இடம் பத்தாத சின்ன சர்ச்சுக்கு இது பெரிய வரம்.

லண்டன் ஆல்ட்கேட் செயின்ட் பொட்டால்ஃப் சர்ச்சுல ரெனாட்டஸ் ஹாரிஸ் 18ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல செஞ்ச ஆர்கன் இன்னும் வாசிக்கற நிலையில இருக்கு. ஆனா நிறைய ஆர்கன்களை அடுத்தடுத்த தலைமுறை மாத்திக் கட்டிடுச்சு, சர்ச் மூடினா ஆர்கனும் போயிடுது. அதனால எது எங்க இருக்கு, யார் செஞ்சதுன்னு எழுதி வைக்கறது ரொம்ப அவசியம். 1976ல ஆரம்பிச்ச பிரிட்டிஷ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்கன் ஸ்டடீஸ் தொடங்கின நேஷனல் பைப் ஆர்கன் ரெஜிஸ்டர்ங்கற இணையப் பட்டியல்ல நீங்களே ஊர் பேரைப் போட்டுத் தேடலாம்.