25 மி.மீ. டயரோடு கால்வாய்க் கரையில்

மனைவி, 10 வயது மகளோடு, 25 மி.மீ. டயர் சைக்கிளில் தெற்கு பிரான்சில் துலூஸ் முதல் செத் வரை கனால் தூ மிதி கால்வாய்க் கரையோரம் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. துலூஸிலிருந்து சுமார் 50 கி.மீ. வரைதான் தார்ப்பாதை. அப்புறம் பெரும்பாலும் மண், சரளை. கரையில் நிற்கும் பிளேன் என்ற மரத்தின் வேர் கை தடிமனுக்குப் பாதையைப் பிளந்து நிற்கும். மெல்லிய டயர் தாங்காது.

பேசாமல் கிழக்கு பிரான்சின் பர்கண்டி போங்கள். போன் நகரத்திலிருந்து சாந்தனே வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே 20 கி.மீ. சொச்சம். கிராமத்துக்குள் மட்டும் கார் வரும். வெளியே எப்போதாவது தோட்டத்து டிராக்டர், ஒதுங்கி வழிவிடுங்கள். சின்னச் சின்ன மேடும் உண்டு. சாந்தனேயிலிருந்து சாலோன் வரை கனால் தூ சாந்த்ர் கால்வாய்க் கரை, ஒரே சமதளம். அங்கே மகளை முன்னால் விடுங்கள். தெம்பிருந்தால் சாலோனுக்குப் பக்கத்து ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கி.மீ.யையும் சேருங்கள்: பழைய ரயில் தடம், 1997-ல் சைக்கிளுக்குத் திறந்தார்கள், செங்குத்து ஏற்றமே கிடையாது.